'ரிப்ளை' அழுத்தினால் பதில் யாருக்குப் போகும்? மின்னஞ்சலின் மறைவான முகவரியும் அதைக் கவனிக்கும் கேட்வே சர்வரும்

ஒரு மின்னஞ்சல் வருகிறது. அனுப்பியவர் பெயர் தெரிந்த பெயர். முகவரியும் சரியான முகவரி. 'ரிப்ளை' பட்டனை அழுத்தி, பதில் எழுதி அனுப்பிவிடுகிறீர்கள். அந்தப் பதில் வேறு யாருக்கோ போய்ச் சேருகிறது. உங்கள் கணினியில் வைரஸ் இல்லை, பாஸ்வேர்டும் திருடு போகவில்லை. மின்னஞ்சல் எப்படி வேலை செய்யணும்னு 1970-களில் எழுதி வைத்தார்களோ, அப்படியேதான் வேலை செய்திருக்கிறது.

இதற்குக் காரணம் 'ரிப்ளை-டூ' என்ற ஒரே ஒரு வரி. பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்ததே இல்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவர், ஹோம்ஸ்டே நடத்தும் குடும்பம், காய்கறி ஏற்றுமதி செய்யும் வியாபாரி என்று எல்லாருடைய பணமும் தகவலும் இந்த வரியைக் கடந்துதான் போகின்றன. அது என்ன, அதை ஒரு மின்னஞ்சல் கேட்வே சர்வர் எப்படிக் கையாள வேண்டும், நீங்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

திரிங்காப்பில் ஒரு பில்: ஓர் உதாரணம்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில் இருக்கிறது திரிங்காப். சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள், மலைச்சரிவில் பிளாஸ்டிக் கூரைகள், கொஞ்சம் தள்ளிப் போனால் தேயிலை. அங்கே முட்டைக்கோஸும் தக்காளியும் அனுப்பும் ஒரு சிறு வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். இது கற்பனை உதாரணம்தான். ஆனால் இந்த மோசடி உலகம் முழுக்க இதே வரிசையில்தான் நடக்கிறது.

அவருக்கு ஈப்போவில் இருந்து அட்டைப் பெட்டி சப்ளை செய்யும் ஒரு கம்பெனி உண்டு. மாதாமாதம் மின்னஞ்சலில் பில் வரும். இந்த மாதமும் வருகிறது. கூடவே ஒரு வரி: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது. இனி புதிய கணக்கில் செலுத்தவும்."

வியாபாரி கவனமான ஆள். உடனே பணம் போடவில்லை. 'ரிப்ளை' அழுத்தி, "உண்மையாகவே மாறிடுச்சா?" என்று கேட்கிறார். பத்து நிமிடத்தில் பதில்: "ஆமாம் அண்ணே, ஆடிட் நடக்குது, அதனாலதான்." நம்பி, பணத்தை அனுப்பிவிடுகிறார்.

எங்கே தவறு நடந்தது? ஈப்போ கம்பெனியின் மின்னஞ்சல் கணக்குக்குள் ஒருவன் நுழைந்திருக்கிறான். அங்கிருந்தே பில்லை அனுப்பியிருக்கிறான். அதனால் 'ஃப்ரம்' முகவரி நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் பதில் அந்தக் கணக்குக்கே வந்தால் உண்மையான கிளார்க் பார்த்துவிடுவார் இல்லையா? அதற்காக 'ரிப்ளை-டூ' வரியில் வேறொரு முகவரியைப் போட்டுவிட்டான். கம்பெனிப் பெயரில் ஒரே ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரி. வியாபாரி கேட்ட கேள்வி திருடனுக்கே போனது. பதிலும் திருடனிடமிருந்தே வந்தது.

சரிபார்க்க நினைத்தவரே ஏமாந்தார் என்பதுதான் இதில் வேதனை. அவர் சரிபார்த்த வழிதான் பிரச்சினை.

ஒரு மின்னஞ்சலில் எத்தனை முகவரி இருக்கிறது?

பழைய தோட்டக் காலத்துக் கடிதத்தை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். லயத்து வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. ஊரிலிருந்து வரும் கடிதம் தோட்ட ஆபீஸ் முகவரிக்கு வரும். கிராணி அதை வாங்கிப் பிரித்து ஆளுக்கு ஆள் கொடுப்பார். அந்தக் கடிதத்தில் மூன்று இடங்களில் அனுப்புநர் பற்றிய விவரம் இருக்கலாம்.

முதலாவது, உறையின் பின்பக்கம் எழுதிய முகவரி. கடிதம் சேராவிட்டால் தபால்காரர் அங்கேதான் திருப்பி அனுப்புவார். மின்னஞ்சலில் இதற்கு 'என்வலப் சென்டர்' என்று பெயர். கடைசியில் கடிதம் பெட்டிக்குள் விழும்போது 'ரிட்டர்ன்-பாத்' என்ற வரியாகப் பதிவாகும். "இந்த முகவரியில் ஆள் இல்லை" என்று திரும்பி வரும் பவுன்ஸ் தகவல் போவது இங்கேதான்.

இரண்டாவது, கடிதத்தின் தலைப்பில் இருக்கும் பெயர். "இப்படிக்கு இன்னார்." இதுதான் 'ஃப்ரம்'. உங்கள் போன் திரையில் பெரிதாகத் தெரிவது இதுதான்.

மூன்றாவது, கடிதத்துக்குள் எழுதும் ஒரு குறிப்பு: "அடுத்த மாசம் நான் இங்க இருக்க மாட்டேன், பதிலை மாமா வீட்டு விலாசத்துக்குப் போடு." இதுதான் 'ரிப்ளை-டூ'.

மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கடிதத்திலும் இல்லை, மின்னஞ்சலிலும் இல்லை. 'ரிப்ளை-டூ' இல்லாவிட்டால் பதில் 'ஃப்ரம்' முகவரிக்குப் போகும். இருந்தால் அதற்குத்தான் போகும்.

இந்த வரி எப்போது வந்தது?

ரே டாம்லின்சன் '@' குறியை வைத்து இரண்டு கணினிகளுக்கு இடையே முதல் மின்னஞ்சலை அனுப்பியது 1971-இல். மின்னஞ்சலின் தலைப்பு வரிகள் எப்படி இருக்கணும் என்று 1977-இல் வெளியான 'ஆர்எஃப்சி 733' ஆவணத்திலேயே 'ரிப்ளை-டூ' இருக்கிறது. 1982-இல் வந்த 'ஆர்எஃப்சி 822' அதைத் தெளிவாக்கியது. இன்று நடைமுறையில் இருக்கும் 'ஆர்எஃப்சி 5322' 2008-இல் வந்தது.

அன்று சொன்ன காரணங்கள் நியாயமானவை. எழுதியவருக்கு நிரந்தரமான மின்னஞ்சல் பெட்டி இல்லாமல் இருக்கலாம். பதிலை இன்னும் சிலரும் பார்க்க வேண்டியிருக்கலாம். ஒரு குழுவாகப் பேசிக்கொள்ளலாம். ஒருவரை ஒருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்திய வலை அது. "இந்த வரியில் யாராவது பொய் எழுதினால்?" என்ற கேள்விக்கு அப்போது அவசரம் இல்லை.

மலேசியாவில் கதை எங்கே தொடங்குகிறது?

மிமோஸ் 1985-இல் உருவானது. 1987-இல் அது 'ராங்கோம்' என்ற கணினி வலையைத் தொடங்கியது. நாட்டுக்குரிய '.மை' முகவரியும் அதே ஆண்டுதான் பதிவானது. அந்தக் காலத்தில் மின்னஞ்சல் உடனே போய்ச் சேராது. தொலைபேசிக் கம்பியில் டயல் செய்து, ஒரு கணினி இன்னொரு கணினியிடம் கட்டாகக் கொடுக்கும்; அது அடுத்ததிடம் கொடுக்கும். நாட்டு எல்லையில் நின்று வாங்கிக் கொடுக்கும் கணினிதான் கேட்வே. 1992-இல் 'ஜாரிங்' வந்த பிறகுதான் நேரடி இணையம் பரவியது.

அப்படிப் பல கைகள் மாறிப் போகும்போது, 'ஃப்ரம்' வரியில் இருக்கும் முகவரி அடுத்த வலைக்குப் புரியாமல் போகலாம். அதனால் கேட்வே கணினிகள் முகவரிகளை மாற்றி எழுதும் பழக்கம் வந்தது. பதில் வந்து சேரக்கூடிய முகவரியைத் தெளிவாகச் சொல்ல 'ரிப்ளை-டூ' உதவியது. ஆக, கேட்வேயும் இந்த வரியும் ரொம்பக் காலத்துச் சிநேகிதர்கள்.

தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய மென்பொருளின் பெயரே 'முரசு அஞ்சல்'. 1990-களில் உலகத் தமிழர்கள் தமிழ் எழுத்திலேயே மின்னஞ்சல் எழுத அது வழி செய்தது. அப்போதைய மின்னஞ்சல் விதிகள் ஆங்கில எழுத்தை மட்டும் மனதில் வைத்து, 7 பிட் அளவில் எழுதப்பட்டவை. நடுவில் இருக்கும் கேட்வே கூடுதல் பிட்டை வெட்டிவிட்டால் தமிழ் சிதைந்துபோகும். கடிதத்தைக் கை மாற்றும் கணினி அதில் கை வைக்கக் கூடாது என்பதை அன்றே அனுபவத்தில் கண்டவர்கள் தமிழர்கள்.

சரி, கேட்வே சர்வர்னா இன்னிக்கு என்ன?

ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் எல்லாம் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் கடந்து போகும் வாசல்தான் கேட்வே சர்வர். ஸ்பேம், வைரஸ், போலி அனுப்புநர் எல்லாவற்றையும் சோதிக்கும் இடம் அது. 'போஸ்ட்ஃபிக்ஸ்', 'எக்ஸிம்' போன்ற இலவச மென்பொருள்களை வைத்தும் கட்டலாம், மாதக் கட்டணத்தில் கிளவுட் சேவையாகவும் வாங்கலாம்.

மறுபடியும் கிராணியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வேலை கடிதத்தைப் பத்திரமாகச் சேர்ப்பது. சந்தேகமாக இருந்தால் எச்சரிப்பது. கடிதத்துக்குள் இருக்கும் "மாமா வீட்டு விலாசம்" என்ற குறிப்பை அவரே அடித்துத் திருத்தினால் என்ன ஆகும்? நல்ல கடிதமும் கெட்டுப்போகும்.

எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் இருக்கே, போதாதா?

ஐடி படிக்கும் மாணவர்கள் உடனே கேட்கும் கேள்வி இது. மூன்றும் அவசியமானவை. ஆனால் மூன்றும் 'ரிப்ளை-டூ' வரியில் இருக்கும் முகவரி யாருடையது என்று பார்ப்பதில்லை.

எஸ்பிஎஃப்: உறையின் பின்பக்க முகவரியை மட்டும் பார்க்கும். "இந்த டொமைன் பேரில் அனுப்ப இந்த சர்வருக்கு அனுமதி இருக்கா?" என்பதுதான் அதன் கேள்வி.

டிகிம்: கடிதத்துக்கு டிஜிட்டல் முத்திரை வைக்கும். வழியில் யாரும் திருத்தவில்லை என்பதற்குச் சான்று. 'ஃப்ரம்' வரியை முத்திரைக்குள் சேர்ப்பது கட்டாயம். 'ரிப்ளை-டூ' வரியைச் சேர்ப்பது பரிந்துரை மட்டுமே. சேர்த்தாலும், "அனுப்பியவர் எழுதியது இதுதான்" என்று சொல்லுமே தவிர, "இது நல்ல முகவரி" என்று சொல்லாது.

டிமார்க்: 2015-இல் ஆவணமாக வந்தது. மேலே சொன்ன இரண்டில் ஒன்றாவது 'ஃப்ரம்' டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். அதோடு சரி.

நம் திரிங்காப் உதாரணத்தில் பில் வந்தது உண்மையான கணக்கிலிருந்து. மூன்று சோதனையிலும் அது பாஸ். பச்சைக் கொடியோடு உள்ளே வந்த கடிதம் அது. இதனால்தான் கேட்வே 'ரிப்ளை-டூ' வரியைத் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

அப்படின்னா ரெண்டும் வேற வேறயா இருந்தா தடுத்துடலாமே?

முடியாது. நல்ல காரணத்துக்காக இரண்டும் வேறாக இருக்கும் மின்னஞ்சல் ஏராளம்.

கேமரன் மலையில் ஒரு ஹோம்ஸ்டேயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அகப்பக்கத்தில் "எங்களைத் தொடர்புகொள்ள" என்று ஒரு படிவம். வாடிக்கையாளர் பெயரும் முகவரியும் எழுதி அனுப்புகிறார். அகப்பக்கத்தின் சர்வர் அதை மின்னஞ்சலாக மாற்றி ஹோம்ஸ்டே உரிமையாளருக்கு அனுப்புகிறது. இங்கே 'ஃப்ரம்' என்ன?

வாடிக்கையாளரின் யாஹூ முகவரியை 'ஃப்ரம்' ஆகப் போட்டால், யாஹூ சார்பில் பேச உங்கள் சர்வருக்கு அனுமதி இல்லாததால் டிமார்க் தோற்கும். கடிதம் திரும்பிவிடும், இல்லாவிட்டால் ஸ்பேமில் விழும். பள்ளி விடுமுறைக்கு வந்த புக்கிங் விசாரிப்பு யார் கண்ணிலும் படாமல் போகும். சரியான வழி: 'ஃப்ரம்' ஹோம்ஸ்டேயின் சொந்த முகவரி, 'ரிப்ளை-டூ' வாடிக்கையாளரின் முகவரி. உரிமையாளர் 'ரிப்ளை' அழுத்தினால் நேராக வாடிக்கையாளருக்குப் போகும்.

இதேபோல், புகார் எண் போட்டு வரும் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சல், ஆபீஸ் ஸ்கேனர் அனுப்பும் ஆவணம், குழு மின்னஞ்சல் எல்லாவற்றிலும் இரண்டும் வேறாக இருக்கலாம். 2014 ஏப்ரலில் யாஹூ தன் டிமார்க் கொள்கையைக் கடுமையாக்கியபோது உலகம் முழுக்கக் குழு மின்னஞ்சல்கள் திணறின. பல சேவைகள் 'ஃப்ரம்' வரியில் குழுவின் முகவரியைப் போட்டு, எழுதியவரின் முகவரியை 'ரிப்ளை-டூ'வுக்கு நகர்த்தித்தான் தப்பித்தன.

ஆகவே 'வேறாக இருந்தால் தடு' என்ற ஒரே விதி போட்டால், திருடனைவிட வாடிக்கையாளர்தான் அதிகம் மாட்டுவார்.

உள்ளே வரும் மின்னஞ்சலில் கேட்வே என்ன செய்யணும்?

முதல் விதி: அழிக்காதே, திருத்தாதே. 'ரிப்ளை-டூ' வரியை நீக்கினால் அல்லது மாற்றினால், அந்த வரியை உள்ளடக்கிய டிகிம் முத்திரை உடைந்துவிடும். அடுத்த சர்வர் அதைப் போலி என்று நினைக்கும். பின்னாளில் போலீஸ் விசாரணை வந்தால் ஆதாரமும் போய்விடும்.

இரண்டாவது: புள்ளி போடு. ஒரே ஓர் அறிகுறியை வைத்துத் தீர்ப்பு சொல்லாமல், பல அறிகுறிகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 'ஃப்ரம்' ஒரு கம்பெனி முகவரி, 'ரிப்ளை-டூ' ஓர் இலவச மின்னஞ்சல் முகவரியா? சில புள்ளி. 'ரிப்ளை-டூ' டொமைன் நம் கம்பெனியின் அல்லது வழக்கமான சப்ளையரின் பெயரைப் போலவே இருந்து ஓர் எழுத்து மட்டும் மாறுகிறதா? நிறையப் புள்ளி. முதலாளியின் பெயர் இருந்து, முகவரி வெளியாளுடையதா? அதற்கும் நிறைய. பில், வங்கிக் கணக்கு, அவசரம் போன்ற சொற்களும் சேர்ந்தால் இன்னும் கூடும். 'ஸ்பேம்அசாசின்', 'ஆர்ஸ்பேம்டி' போன்ற இலவச வடிகட்டிகளில் 'ரிப்ளை-டூ' வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன.

மூன்றாவது: எல்லை தாண்டினால் தனியாக நிறுத்தி வை. நீக்கிவிடாதே. நிர்வாகி பார்த்து விடுவிக்க வழி இருக்கணும். நடுத்தரப் புள்ளி என்றால், "இதற்குப் பதில் எழுதினால் வேறு முகவரிக்குப் போகும்" என்று ஓர் எச்சரிக்கை வரியைச் சேர்க்கலாம். அந்த வரியைச் சேர்ப்பது டிகிம் சோதனை முடிந்த பிறகு நடக்க வேண்டும். முன்னால் சேர்த்தால் நம் கையாலேயே முத்திரையை உடைத்தவர்கள் ஆவோம்.

நான்காவது: இரண்டு 'ரிப்ளை-டூ' வரிகள் இருந்தால் சந்தேகப்படு. விதிப்படி ஒரு மின்னஞ்சலில் அந்த வரி ஒருமுறைதான் வரலாம். ஒரே வரிக்குள் பல முகவரிகள் இருக்கலாம், அது வேறு. இரண்டு வரிகள் இருந்தால், கேட்வே முதலாவதைப் பார்த்துச் சரி என்று சொல்லும். உங்கள் போன் செயலி இரண்டாவதற்குப் பதில் அனுப்பலாம். அந்த இடைவெளியில்தான் மோசடி நுழையும்.

போஸ்ட்ஃபிக்ஸ் கற்றுக்கொள்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் உள்ள 'ஹெடர் செக்ஸ்' வசதி ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் பார்க்கும். ஒரு குறிப்பிட்ட முகவரியைத் தடுக்க அது போதும். ஆனால் 'ஃப்ரம்' வரியையும் 'ரிப்ளை-டூ' வரியையும் ஒப்பிட அதால் முடியாது. அதற்கு 'மில்டர்' வழியாக இணையும் வடிகட்டி வேண்டும். பலர் இங்கேதான் மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

வெளியே போகும் மின்னஞ்சலில்?

இங்கே கேட்வே முகவரியை மாற்றி எழுதலாம். சில சமயம் மாற்றியே ஆகணும். ஆபீஸுக்குள் மட்டும் செல்லுபடியாகும் சர்வர் பெயர் 'ஃப்ரம்' முகவரியில் இருந்தால், வெளியே போகும்போது கம்பெனியின் பொது முகவரியாக மாற்றுவார்கள். அப்போது 'ஃப்ரம்' வரியை மட்டும் மாற்றி 'ரிப்ளை-டூ'வை மறந்துவிட்டால், வாடிக்கையாளர் எழுதும் பதில் போய்ச் சேர இடமே இருக்காது. எக்ஸிம் மென்பொருளில் எந்தெந்த வரிகளை மாற்றி எழுத வேண்டும் என்பதைத் தனித்தனி எழுத்துகளால் குறிக்க வேண்டும். 'ரிப்ளை-டூ'வுக்கும் ஒரு தனி எழுத்து உண்டு.

வரிசை முக்கியம்: முதலில் முகவரியை மாற்று, அடுத்து டிகிம் முத்திரை வை, கடைசியில் அனுப்பு. முத்திரையில் 'ரிப்ளை-டூ' வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் அந்த வரியே இல்லாவிட்டாலும் பட்டியலில் பெயரைச் சேர்க்கலாம். அப்படிச் செய்தால், வழியில் யாராவது புதிதாக ஒரு 'ரிப்ளை-டூ' செருகினால் முத்திரை உடைந்து காட்டிக் கொடுத்துவிடும்.

தானியங்கிப் பதில்களுக்கும் ஒரு விதி உண்டு. "நான் விடுமுறையில் இருக்கிறேன்" போன்ற பதில் 'ரிப்ளை-டூ'வுக்குப் போகக் கூடாது. 'ரிட்டர்ன்-பாத்' முகவரிக்குத்தான் போகணும் என்கிறது 2004-இல் வந்த 'ஆர்எஃப்சி 3834'. இல்லாவிட்டால் உங்கள் லீவு செய்தி ஒரு குழுவில் உள்ள எல்லாருக்கும் போய் விழும்.

படிவம் வைத்திருப்பவர்களும் கவனிக்கணும். வாடிக்கையாளர் எழுதும் முகவரியைச் சோதிக்காமல் 'ரிப்ளை-டூ' வரியில் போட்டால், ஒரு விஷமி அந்தக் கட்டத்துக்குள் புதிய வரிகளையே எழுதி, உங்கள் சர்வர் வழியாக ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஸ்பேம் அனுப்பலாம். முகவரிக்குள் வரி முறிவு இருந்தால் அந்த இடத்திலேயே நிராகரிக்க வேண்டும்.

நம்ம பெயர்களே சில சமயம் சிக்கல்

முகவரிக்கு முன்னால் வரும் பெயரில் சில குறிகளை அப்படியே எழுதக் கூடாது, மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும் என்பது மின்னஞ்சல் இலக்கணம். அந்தக் குறிகளில் புள்ளி ஒன்று, '@' இன்னொன்று, காற்புள்ளி மற்றொன்று.

தமிழர்கள் பெயரில் இனிஷியல் உண்டு. இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி உண்டு. மலேசிய அடையாள அட்டைகளில் இரண்டு பெயர் உள்ளவர்களுக்கு நடுவில் '@' போடும் வழக்கமும் உண்டு. 'ராஜு @ ராஜன்' என்ற பெயரை மேற்கோள் குறி இல்லாமல் 'ரிப்ளை-டூ' வரியில் எழுதினால், சில சர்வர்கள் பெயரையே முகவரி என்று நினைத்துக் குழம்பும். பதில் போகாது. நம் பெயர்களை வைத்துச் சோதிக்காத மென்பொருளில் இது நடக்கலாம்.

தமிழ் எழுத்தில் பெயர் போடுவதற்கு 1990-களிலேயே வழி வந்துவிட்டது. தலைப்பு வரிக்குள் அது ஒரு குறியீடாக மாறிப் போகும், உங்கள் திரையில் திரும்பத் தமிழாகத் தெரியும். முகவரியே தமிழில் இருக்கவும் இப்போது விதிகள் இருக்கின்றன. '.சிங்கப்பூர்', '.இந்தியா', '.இலங்கை' என்ற தமிழ் டொமைன்கள் பதிவாகியிருக்கின்றன. கேட்வே இவற்றை உடைக்காமல் கடத்துகிறதா என்று சோதிப்பது தமிழ் இளைஞர்கள் செய்யக்கூடிய வேலை.

எவ்வளவு பெரிய பிரச்சினை இது?

'பிசினஸ் இமெயில் காம்ப்ரமைஸ்' என்று சொல்லப்படும் இந்த வகை மோசடியில், 2023-இல் மட்டும் அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்புக்கு 21,489 புகார்கள் வந்தன. இழப்பு ஏறக்குறைய 290 கோடி அமெரிக்க டாலர். எல்லாமே 'ரிப்ளை-டூ' வழியாக நடந்தவை அல்ல. ஆனால் அடிப்படை ஒன்றுதான்: தெரிந்த பெயரைக் காட்டிப் பணத்தை வேறு கணக்குக்குத் திருப்புவது.

பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை. லிதுவேனியாவைச் சேர்ந்த ஒருவர் போலி பில்களையும் போலி மின்னஞ்சல்களையும் வைத்து கூகுள், ஃபேஸ்புக் இரண்டிடமும் சேர்த்து 12 கோடி டாலருக்கு மேல் வாங்கினார். 2019-இல் அவருக்கு அமெரிக்க நீதிமன்றம் 5 ஆண்டு சிறை விதித்தது. அவ்வளவு பெரிய ஐடி கம்பெனிகளுக்கே அப்படி என்றால், ஒரே ஒரு கிளார்க் வைத்திருக்கும் காய்கறி வியாபாரிக்கு எப்படி இருக்கும்? கூகுளுக்கு அது ஒரு கணக்கு வரி. சின்ன வியாபாரிக்கு அது ஆட்களின் ஒரு மாதச் சம்பளம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஒன்று: பதில் எழுதும்போது 'டூ' கட்டத்தைப் பாருங்கள். 'ரிப்ளை' அழுத்தியவுடன் அங்கே வரும் முகவரிதான் உண்மை. பெயர் மட்டும் தெரிந்தால், அதைத் தட்டி முழு முகவரியை வரவழையுங்கள். எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

இரண்டு: ஜிமெயிலில் அனுப்பியவர் பெயருக்குக் கீழே உள்ள சின்ன அம்புக்குறியைத் தட்டினால் விவரம் விரியும். 'ரிப்ளை-டூ' வேறாக இருந்தால் அங்கே தெரியும். கணினியில் மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்தினால் எல்லாத் தலைப்பு வரிகளையும் பார்க்கலாம்.

மூன்று: வங்கிக் கணக்கு மாற்றம் என்று வந்தால், அதே மின்னஞ்சலில் கேட்காதீர்கள். அதில் உள்ள தொலைபேசி எண்ணையும் அழைக்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய எண்ணை அழைத்து, தெரிந்த குரலிடம் கேளுங்கள். திரிங்காப் வியாபாரியைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இந்த ஒரு போன் கால்தான்.

நான்கு: பணம் அனுப்பும் முன் கணக்கு எண்ணை மலேசியக் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் தேடுங்கள். மோசடிப் புகாரில் சிக்கிய கணக்கா என்று காட்டும். அங்கே எதுவும் வராவிட்டால் பாதுகாப்பானது என்று அர்த்தம் இல்லை. புதிய கணக்காகவும் இருக்கலாம். 'டியூட்நவ்' பரிமாற்றத்தில் திரையில் வரும் பெறுநர் பெயரையும் படியுங்கள்.

ஐந்து: பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே உங்கள் வங்கியையும், 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையும் அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க முயல்வார்கள். அதனால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. பிறகு போலீஸ் புகார் செய்யுங்கள். சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் 'சைபர்999' சேவையிலும் தெரிவிக்கலாம்.

ஆறு: அந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள். ஃபார்வர்ட் செய்தால் தலைப்பு வரிகள் போய்விடலாம். முழுக் கோப்பாக டவுன்லோட் செய்து வையுங்கள். 'ரிப்ளை-டூ' வரி உட்பட அதில் உள்ள ஒவ்வொரு வரியும் ஆதாரம்.

கம்பெனியிலோ, பள்ளியிலோ, ஆலயத்திலோ மின்னஞ்சலைப் பார்த்துக்கொள்பவர் நீங்களாக இருந்தால், இந்த வாரமே ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் சொந்த இலவச மின்னஞ்சலிலிருந்து, 'ரிப்ளை-டூ'வில் வேறு முகவரி போட்டு, ஆபீஸ் முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். கேட்வே எச்சரிக்கிறதா, நிறுத்துகிறதா, சத்தமில்லாமல் விட்டுவிடுகிறதா என்று பாருங்கள். சத்தமில்லாமல் விட்டால், அடுத்த பில் வருவதற்கு முன் சரிசெய்ய வேண்டிய வேலை எது என்பது தெரிந்துவிடும்.